தோல்வியைக் காணக் காசு கொடுப்போர்

தெருவிலே இருவர் கைகலந்தால் அதனைக் காண்பதற்குக் கட்டணம் கேட்பார் எவருமில்லை. சந்தைக்குப் போகிறவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்; சைக்கிளில் வருகிறவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நிற்பார். சண்டை ஓய்ந்ததும் அவரவர் தத்தம் வழியே சென்றுவிடுவர். ஆனால், 2015ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி, இருவர் ஒருவரையொருவர் குத்திக்கொள்வதைக் காண்பதற்காக அமெரிக்காவில் ஏறத்தாழ 46 இலட்சம் வீட்டார், வீடொன்றுக்கு நூறு டொலர் வரை செலுத்தினர். லாஸ் வேகாஸ் நகரிலே ஃபுளோயிட் மேவெதரும் பிலிப்பைன்ஸ் நாட்டவரான மனி பக்கியாவோவும் பொருதிய குத்துச்சண்டைப் போட்டி அது. இடைவேளைகளையும் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த காட்சி. அதற்காக வீடுகளிலிருந்து மாத்திரம் சேர்ந்த தொகை 40 கோடி டொலருக்கு மேல்.

நேயர்களுள் சிலருக்கு இம்முறை புதிதாயிருக்கலாம். ஆதலின் சிறியதொரு விளக்கம். ஆங்கிலத்தில் இதனைப் 'பே பெர் வியூ' என்பர். வழக்கமான தொலைக்காட்சிச் சந்தாவுக்கு மேலாக, குறித்த ஒரு நிகழ்ச்சிக்கென்று தனியே விலை கொடுத்து வீட்டிலிருந்தவாறே பார்க்கும் கட்டணக் காட்சி அது. திரையரங்குச் சீட்டை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விற்பதை ஒத்தது. அந்த வருவாயில் ஏறத்தாழப் பாதியைத் தொலைக்காட்சி இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். எஞ்சியதைப் போட்டி அமைப்பாளரும் வீரரும் பகிர்ந்துகொள்வர். பெயர்பெற்ற வீரருக்கு விற்பனையிலே பங்குண்டு. ஆகவே, எத்தனை வீட்டார் தமக்காகக் காசை எடுத்து வைப்பர் என்பதே அவருடைய சந்தை மதிப்பு. அவ்வாறு இலட்சக்கணக்கான வீடுகளை இழுக்க வல்லவர் ஒரு தலைமுறைக்கு விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

இந்தக் கணக்கை என்னிடம் கொண்டுவந்தவன் என் தங்கையின் மகன். பதினாறு வயது நிரம்பாதவன். பாடசாலைக் குத்துச்சண்டைக் குழுவிலே இவ்வாண்டுதான் சேர்ந்தவன்.

"மாமா, ஆகத் திறமான ஆளுக்குத்தானே ஆகக் கூடிய காசு கிடைக்கும்?" என்று கேட்டான்.

"இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் வாய்வீச்சுக்குத்தான் காசா?"

இந்த இரண்டாவது கேள்வியை அவன் சும்மா கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். முதல் வாரந்தான் தங்கை என்னிடம் வந்து முறையிட்டிருந்தாள். பையன் நிலைக்கண்ணாடி முன் நின்று வீரம் பேசுகிறானாம். தன்னோடு பொருதவிருக்கும் பிள்ளையை முதற்சுற்றிலேயே விழுத்திவிடுவதாகப் பாடசாலை முழுவதும் சொல்லித் திரிகிறானாம். அந்தப் பிள்ளையின் காதுகளைச் சுட்டி ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறானாம். ஆகையால் அவனுக்கு நான் சொன்ன மறுமொழியைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

திறமை மாத்திரம் கூட்டத்தைச் சேர்ப்பதில்லை என்பதற்கு ஜீன் டன்னி என்பாரின் கதை நல்ல சான்று. 1926ஆம் ஆண்டில் அக்காலத்துப் பெருவீரராகிய ஜாக் டெம்ப்ஸியை வென்று உலக சம்பியனானவர் டன்னி. அடுத்த ஆண்டு சிக்காகோ நகரில் அவரையே மீண்டும் வென்றார். அந்த இரண்டாவது போட்டிக்குச் சேர்ந்த வாயிற்பணம் 26 இலட்சம் டொலருக்கு மேல். அக்காலத்தில் எவரும் கண்டிராத தொகை. ஆயின் அப்பணம் யாருக்காகச் சேர்ந்தது என்பது 1928இல் வெளிப்பட்டது. டன்னி, டெம்ப்ஸி இல்லாமல், ரொம் ஹீனி என்னும் நியூசீலந்து வீரரை நியூயோர்க்கில் எதிர்த்தார். அழகாக ஆடி வென்றார். போட்டியை நடத்திய ரெக்ஸ் ரிக்கார்டுக்கோ பெருநட்டம். டன்னி நூல்களை விரும்பிப் படிப்பவர். அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்திலே சேக்ஸ்பியரைப் பற்றி விரிவுரை நிகழ்த்தியவர். அவரிடத்திலே குறைகாண எவராலும் இயலவில்லை. அவருக்காகத் துடிக்கவும் எவரும் இல்லை.

நம் காலத்திலும் இத்தகையோர் உளர். கியூபா நாட்டு கியேர்மோ ரிகொண்டோ 2000, 2004 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களில் தங்கப் பதக்கம் பெற்றவர். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நியூயோர்க்கில், அப்போது பெரும்புகழோடிருந்த நொனிட்டோ டொனெயரை அவர் ஆடவிடாமலே ஆடி வென்றார். குத்துச்சண்டை நுணுக்கம் அறிந்தோர் வியந்தனர். தொலைக்காட்சிக்காரரோ, இவரை வைத்து எதனை விற்பது என்று தலையைச் சொறிந்தனர்.

அங்ஙனமாயின் மக்கள் எதனை வாங்குகின்றனர்? ரெக்ஸ் ரிக்கார்டுக்கு அந்த இரகசியம் தெரிந்திருந்தது. 1921ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2ஆம் திகதி ஜேர்சி நகரிலே அவர் நடத்திய போட்டிதான் பத்து இலட்சம் டொலருக்கு மேல் வாயிற்பணம் சேர்த்த முதலாவது குத்துச்சண்டை. ஒருபுறம் இதே டெம்ப்ஸி: கடுகடுத்த முகம், முதலாம் உலகப் போரிலே படையிற் சேராது தப்பினார் என்ற பழி. வழக்கில் அவர் குற்றமற்றவரெனத் தீர்ப்பாகியும் பழி நீங்கவில்லை. மறுபுறம் பிரான்சு தேசத்து ஜோர்ஜ் கார்ப்பந்தியே: அழகர், போரிலே பதக்கம் பெற்றவர். ஏறத்தாழ 80,000 பேர் திரண்டனர். நான்காம் சுற்றிலே கார்ப்பந்தியே வீழ்ந்தார். எடையிலும் வலிமையிலும் அவர் டெம்ப்ஸிக்கு ஈடல்லர் என்பதை அறிந்தோர் முன்னரே அறிவர். எனினும் அன்று சீட்டு வாங்கியவர் எடையையா வாங்கினார்? நல்லவன் வெல்வானா, கெட்டவன் வெல்வானா என்ற கேள்வியை வாங்கினார். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அவருக்கு உறக்கம் வராது.

இதிலே வேடிக்கை யாதெனில், 1926இல் டெம்ப்ஸி தோற்றவுடனே மக்கள் அவரை நேசிக்கத் தொடங்கினர். நேற்றுவரை கெட்டவன், இன்று விழுந்த வீரன், மீண்டும் எழுவானா என்பது புதிய கேள்வி. அந்தக் கேள்விதான் சிக்காகோவில் 26 இலட்சம் டொலராயிற்று. அன்று ஏழாம் சுற்றிலே டன்னி வீழ்ந்தபோது, டெம்ப்ஸி உரிய மூலைக்குச் செல்லத் தாமதித்ததனால் நடுவர் எண்ணத் தொடங்குவதும் தாமதித்தது. டன்னி எழுந்து வென்றார். அந்த எண்ணிக்கை சரியா பிழையா என்ற வாதம் நூறாண்டு அணுகியும் ஓயவில்லை.

வாய்வீச்சின் வரலாறு 1961இல் தொடங்குகிறது எனலாம். பின்னாளில் முகம்மது அலி எனப் பெயர்பெற்ற காசியஸ் கிளே அப்போது பத்தொன்பது வயது வாலிபர். லாஸ் வேகாஸ் நகரிலே ஒரு போட்டிக்காகச் சென்றிருந்தபோது, வானொலி நிலையத்திலே 'கோர்ஜியஸ் ஜோர்ஜ்' என்னும் மல்யுத்தக்காரரைச் சந்தித்தார். பொன்னிறச் சுருள்முடியும் பட்டாடையுமாகத் திரிந்த அந்த நடுவயதுக்காரர், தாம் தோற்றால் தம் தலைமுடியையே வெட்டிக்கொள்வதாகப் பெருங்குரலிற் சபதம் கூறினார். கிளே அந்த மல்யுத்தத்தைப் பார்க்கச் சென்றார். மண்டபம் நிறைந்திருந்தது, வந்திருந்தோரிற் பெரும்பாலார் அந்த மனிதர் உதைபடுவதைக் காணவே வந்திருந்தனர். வெறுப்பவனும் அதே விலையைத்தான் கொடுக்கிறான் என்ற பாடத்தை அன்றைக்குக் கற்றதாக அலி பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதன்பின் இன்ன சுற்றிலே வீழ்த்துவேன் என்று எதுகை மோனையோடு ஆரூடம் கூறுவது அவர் வழக்கமாயிற்று. 1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயோர்க்கில் டக் ஜோன்ஸ் என்பாரோடு பொருதியபோது நகரத்துப் பத்திரிகைகள் வேலைநிறுத்தத்தால் மூடிக் கிடந்தன. கிளே தமது வாயையே விளம்பரமாக்கினார். சீட்டுகள் யாவும் விற்றுத் தீர்ந்தன. நான்காம் சுற்றிலே வீழ்த்துவதாகச் சொன்னவர் பத்துச் சுற்றும் ஆடிப் புள்ளிகளால் வென்றபோது சனங்கள் கூச்சலிட்டு இகழ்ந்தனர். இகழ்ந்தவர் அனைவரும் சீட்டு வாங்கியவர்களே.

ஆனால் வாய் மாத்திரம் போதாது என்பதையும் அவர் வரலாறே காட்டுகிறது. 1964 பெப்ரவரி 25இல் மியாமி கடற்கரை நகரிலே சொனி லிஸ்டனை எதிர்த்தபோது, ஏறத்தாழ 16,000 பேர் அமரக்கூடிய மண்டபத்தில் விற்றவை 8,300 சீட்டுகளே. காரணம் பலவாயினும் ஒன்று தெளிவு: லிஸ்டனே வெல்வார் எனப் பந்தயக்காரர் ஒன்றுக்கு ஏழாகக் கட்டியிருந்தனர். விடை தெரிந்த கேள்விக்கு யார் விலை கொடுப்பர்? ஏழாம் சுற்றுக்கு லிஸ்டன் ஆசனத்தைவிட்டு எழ மறுத்தபோது, வெறும் நாற்காலிகள் பல அந்த அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆகவே இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, இவன் வெல்லவேண்டும் என்றோ தோற்கவேண்டும் என்றோ நம் மனத்தைத் தொடுகின்ற ஒரு மனிதன். மற்றது, அது நடக்கக்கூடும், நடவாதும் போகக்கூடும் என்ற உண்மையான ஐயம். இவ்விரண்டும் கூடியது 1971 மார்ச் 8இல். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து மூன்றரை ஆண்டு மேடையேற முடியாதிருந்த அலியும், அந்த இடைக்காலத்திலே சம்பியனான ஜோ ஃபிரேசியரும் நியூயோர்க்கிலே சந்தித்தனர். இருவரும் தோல்வியே அறியாதவர். போரை வெறுத்தோர் அலி பக்கமும் அலியை வெறுத்தோர் ஃபிரேசியர் பக்கமும் நின்றனர். தலைக்கு 25 இலட்சம் டொலர் கூலி. வீடுகளுக்குக் கட்டணக் காட்சி வராத காலம் அது. திரையரங்குகளுக்கு அனுப்பிச் சீட்டு விற்றார்கள். பதினைந்து சுற்றின் முடிவிலே அலி முதன்முறையாகத் தோற்றார்.

வெறுப்புத்தான் விலைபோகும் என்று எண்ணிவிடலாகாது. அன்பும் விலைபோகும். ஜோர்ஜ் ஃபோர்மன் இளமையிலே சிடுமூஞ்சி. மக்கள் அவரை அஞ்சினரேயன்றி விரும்பவில்லை. பத்தாண்டுகள் மேடையை விட்டுப் போதகராயிருந்து, 1987இல் மொட்டைத்தலையும் தொந்தியும் சிரிப்புமாகத் திரும்பி வந்தார். தமது பெருந்தீனியைத் தாமே பரிகசித்தார். 1991 ஏப்ரலில் நாற்பத்திரண்டு வயதிலே அவர் ஹொலிஃபீல்டை எதிர்த்த போட்டியை ஏறத்தாழ 14 இலட்சம் வீட்டார் விலைக்கு வாங்கினர். புள்ளிகளால் தோற்றாரெனினும் பன்னிரண்டு சுற்றும் நின்றார். தொந்தி விழுந்த ஒவ்வொரு குடும்பத் தலைவனும் அன்று அவரோடு நின்றான். 1994இல், நாற்பத்தைந்து வயதில், மீண்டும் சம்பியனானார். 2025இல் அவர் காலமானபோது உலகம் துயருற்றது.

தேசப்பற்றும் இழுக்கும். பக்கியாவோ வறுமையிலே பிறந்து, சிறுவயதில் தெருவிலே தின்பண்டம் விற்றவர். எட்டு எடைப்பிரிவுகளிலே பட்டம் வென்றவர். அவர் மேடையேறினால் ஒரு நாடே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. மெக்சிக்கோ மக்களின் கொண்டாட்ட நாட்களாகிய மே, செப்டெம்பர் மாதத் தினங்களை ஒட்டிப் பெரும்போட்டிகளை வைப்பதும் இதனாலேயே.

இவை யாவற்றையும் கணக்கிட்டு வாணிபமாக்கியவர் மேவெதர். முதலில் அவருக்கு 'அழகுப் பையன்' என்று பெயர். தற்காப்பிலே அவரை ஒத்தவர் இல்லை; ஆயினும் அடிபடாமல் ஆடுகிறவரைக் காண ஆட்கள் முண்டியடிப்பதில்லை. 2006இல் 7,50,000 டொலர் கொடுத்துத் தமது அமைப்பாளரின் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டார். அடுத்த ஆண்டு, மக்களின் செல்வராகிய ஒஸ்கார் டி லா ஹோயாவை எதிர்த்தபோது, 'காசு' என்பதையே தம் பட்டப்பெயராக்கிக்கொண்டார். நோட்டுக் கட்டுகளைக் காட்டினார், கார்களைக் காட்டினார், மெக்சிக்கோ மக்களின் பண்டிகை நாளிலே அவர்களுடைய அகன்ற தொப்பியை அணிந்து மேடைக்கு வந்து அவர்களையே சீண்டினார். 24 இலட்சம் வீட்டார் வாங்கினர். அன்றுமுதல், இந்த வாயாடி என்றைக்குத் தோற்பான் என்று காணவே மக்கள் திரும்பத் திரும்பக் காசு கட்டினர். ஐம்பது போட்டிகள் ஆடி ஒன்றிலும் தோற்காமல், அவர்கள் காசோடு அவர் ஓய்வுபெற்றார்.

இவ்வளவையும் கேட்ட என் மருமகன் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா மாமா, வாய்தான்!" என்றான்.

"பொறு, கணக்கு இன்னும் முடியவில்லை" என்றேன்.

அலியை மேடையேற விடாது தடுத்திருந்த காலத்தில் அவருக்குப் பணம் கொடுத்து உதவியவர்களில் ஒருவர் ஜோ ஃபிரேசியர். அவருக்கு அனுமதி கிடைக்கவும் குரல் கொடுத்தவர். அதே ஃபிரேசியரை, சீட்டு விற்பதற்காக, வெள்ளையரின் அடிமை என்று பழித்தார் அலி. 1975இல் மணிலாவிலே மூன்றாம் முறை பொருதியபோது குரங்கு என்று பழித்து, இரப்பர்ப் பொம்மையொன்றை எடுத்துக் குத்திக் காட்டினார். உலகம் சிரித்தது. ஃபிரேசியரின் பிள்ளைகளைப் பாடசாலையிலே பிறபிள்ளைகள் அச்சொல்லால் பரிகசித்தனர். ஃபிரேசியர் அதைப் பல்லாண்டுகள் மறக்கவில்லை. அந்தச் சொற்கள் போட்டியை விற்பதற்காகச் சொன்னவை என்றும், அவை தவறென்றும் அலி 2001இல் வருத்தம் தெரிவித்தார். சொன்னவருக்கு அது விளம்பரம். கேட்டவருக்கு அது ஆயுட்காலக் காயம். கையுறையால் விழுந்த அடி ஆறிய பின்னும் அது ஆறவில்லை.

சொன்னவரும் தப்பவில்லை. கூட்டத்தை இழுப்பவரைக் கூட்டம் எளிதில் விடாது. அலி முப்பத்தொன்பது வயதுவரை ஆடினார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என மருத்துவர் அறிவித்தனர்; உலகத்தையே பேச்சால் அளந்த வாய் மெல்ல மெல்ல அடங்கிற்று. மைக் டைசனின் கதையும் அவ்வாறே. 1997 ஜூன் மாதம் ஹொலிஃபீல்டின் காதைக் கடித்த போட்டியை 19 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டார் வாங்கியிருந்தனர். இந்த மனிதர் என்ன செய்வாரோ என்ற அச்சமே அவருடைய விற்பனைப் பொருள். முப்பது கோடி டொலருக்கு மேல் உழைத்தவர், 2003இல் கடனிறுக்க இயலாதவரெனத் தம்மை அறிவிக்கவேண்டியதாயிற்று. 2024 நவம்பர் மாதம், ஐம்பத்தெட்டு வயதில், தம்மிலும் முப்பது வயது இளையவரான ஜேக் போல் முன் அவரை மீண்டும் நிறுத்தினார்கள். நெட்ஃபிளிக்ஸ் சந்தாக்காரருக்கு அது தனிக் கட்டணமின்றிக் கிடைத்தது, கோடிக்கணக்கானோர் பார்த்தனர். கிழச் சிங்கம் இன்னும் ஒருமுறை கர்ச்சிக்குமா என்பது கேள்வி. எட்டுச் சுற்றும் அது தள்ளாடிற்று. பார்த்தவர் பலர் முகஞ்சுளித்து, இதனை ஏன் நடத்தினார்கள் என்று வினவினர். ஏன் பார்த்தோம் என்று வினவியவர் சிலரே.

"திறமையை நீ வளர்க்கலாம், அது உன் உடைமை. ஆனால் கூட்டத்துக்கு விற்பது உன்னையே. விற்ற பிறகு திருப்பி வாங்க முடியாது. அதிலும் மற்றப் பிள்ளையை ஏன் சேர்த்து விற்கிறாய்? அவன் உனக்கு அனுமதி தந்தானா?" என்று கேட்டேன். அவன் மறுமொழி சொல்லவில்லை.

சென்ற மாதம் அவனுடைய போட்டி நடந்தது. கட்டணமில்லை, பாடசாலை மண்டபத்திலே வாங்குகள் போட்டிருந்தார்கள். நான் தங்கையின் அருகில் அமர்ந்திருந்தேன். மணி அடித்தவுடனே அவள் சேலைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வரிசைக்கு முன்னால் மற்றொரு பெண்மணியும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மற்றப் பிள்ளையின் தாயார் என்று பின்னர் அறிந்தேன். மூன்று சுற்றுகள். எங்கள் பையன் புள்ளிகளால் தோற்றான். நடுவர் மற்றவன் கையை உயர்த்தியபோது, இவன் அவனருகே சென்று காதோடு ஏதோ சொன்னான். அந்தப் பிள்ளை சிரித்துத் தலையை ஆட்டினான். என்ன சொன்னாய் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. பட்டப்பெயரை மட்டும் அதன்பின் அவன் வாயிலே கேட்டதில்லை.

நேயர்களே, உலகத்திலே காசு கொடுத்தும் ஒருவன் விழுவதைக் காண விரும்புவோர் இலட்சக்கணக்கானோர் உளர். அந்த ஆசை உங்களிடமும் உண்டு, என்னிடமும் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய். ஆயினும் அந்த மண்டபத்திலே இரண்டு பேர் மாத்திரம், இலவசமாகக் கிடைத்த காட்சியையும் காணாதிருந்தனர். சுற்றுகள் முடிந்த பின்பும் கண்ணைத் திறவாமல் என் தங்கை கேட்டது ஒன்றே ஒன்று:

"அண்ணா, முடிந்துவிட்டதா?"